எல்ஸ்ராடேயின் இரண்டு வாத்தியச் சங்கங்களும் செர்வாஸ் ராமேக்கர்ஸின் ஊர்வலமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேயர் அவர்களே, பீடத்தில் தயங்காமல் ஒலிக்கும் குரலை இன்று மட்டும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வாரமெல்லாம் சுரங்கத்தின் இருட்டில் உழைத்து ஞாயிறன்று வெளிச்சத்தில் நின்று வாத்தியம் ஊதிய பெரியவர்களே, அடுப்பில் செர்ரிப்பழக் கேக்கும் மடியில் சீருடையுமாகப் பொத்தான் தைத்தே விழாக்களைக் கழித்த தாய்மார்களே, என் இடப்புறம் அமர்ந்திருக்கும் செசிலியா சங்கத்தாரே, வலப்புறம் அமர்ந்திருக்கும் லம்பெர்ட் சங்கத்தாரே, இருவருக்கும் நடுவில் ஒருவரும் உட்காராமல் விட்டிருக்கும் நாற்காலிகளே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

நாற்காலிக்கு வணக்கமா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த ஊரில் எந்தப் பக்கமும் சேராதவை அவை மட்டும்தான்.

என் கணவர் செர்வாஸ் ராமேக்கர்ஸின் வாழ்வையும் இசையையும் பற்றிச் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். அதற்கு முன் ஒரு செய்தி. இடைவேளைக்குப் பிறகு அவருடைய 'இரண்டு சங்கங்களுக்கான ஊர்வலம்' வாசிக்கப்படும் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கிறது. செசிலியா சங்கம் தனியாக வாசிப்பதற்கு ஏற்றபடி மாற்றி எழுதியது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படி வாசிக்க நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கப் போவதும் இல்லை. மூலப்பிரதி, வாத்தியத் தாள்களோடு, இதோ என் கையில் இருக்கிறது. இரண்டு சங்கமும் இந்த மேடையில் சேர்ந்து உட்கார்ந்தால் இதை இசை நடத்துநரிடம் கொடுப்பேன். இல்லையென்றால் இது என்னோடு வீட்டுக்கு வரும். நீங்கள் காப்பி குடித்துவிட்டுக் கலையலாம்.

இனி வாழ்க்கை. நிரலில் இன்னொரு பிழையையும் திருத்திவிடுகிறேன். அவர் மாஸ்ட்ரிக்ட்டில் பிறக்கவில்லை. படித்ததுதான் அங்கே. பிறந்தது இதே எல்ஸ்ராடேயில், சர்ச் தெருவில், ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில். 'உலகப் புகழ் பெற்றவர்' என்றும் போட்டிருக்கிறார்கள். உலகம் அவரை அறியாது. அறிந்தவர்கள் மதித்தார்கள். அது போதாதா?

அவருடைய அப்பா லம்பெர்ட் சங்கத்தில் யூஃபோனியம் என்னும் பித்தளைக் குழல் ஊதியவர். அம்மா செசிலியா குடும்பத்துப் பெண். அந்தக் கல்யாணத்துக்கு அம்மா வீட்டார் ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை குடிகாரரா? இல்லை. வேறு மதமா? இல்லை. வேறு வாத்தியச் சங்கம். நாம் வேறு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க முடியுமா? அவரவருக்கு ஒரு ரொட்டிக் கடை, அவரவருக்கு ஒரு மதுக்கடை, அவரவருக்கு ஒரு புனிதர். கிளாரினெட் உள்ள வீட்டில் லம்பெர்ட்காரர் கால் வைக்க மாட்டார். பித்தளை மட்டும் ஊதுகிற வீட்டில் செசிலியாக்காரர் தண்ணீர் குடிக்க மாட்டார்.

அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையை என் மாமியாரே நடித்துக் காட்டுவார்.

"உங்க ஆளுங்க இன்னைக்கு என்னமா இழுத்தாங்க. சவ ஊர்வலம்னு நெனச்சு தொப்பியக் கழட்டிட்டேன்" என்பாராம் அப்பா.

"எங்க ஆளுங்க வாசிச்சாங்க. உங்க ஆளுங்க ஊதினாங்க. வித்தியாசம் தெரியாத மனுஷனுக்கு இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு போடவா?" என்பாராம் அம்மா.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு பக்கமும் காது நீண்டதில் வியப்பு என்ன?

ஆண்டவரின் அப்பத்தை ஏந்திச் செல்லும் நற்கருணை ஊர்வலம் உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு சங்கம், பின்னால் ஒரு சங்கம். ஒன்றின் இசை மற்றதன் காதில் விழக்கூடாது என்று நடுவில் முழுத் தெரு நீளத்துக்குக் குழந்தைகளையும் கன்னியரையும் நிரப்பி வைப்பார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருவராக, கையில் அல்லிப்பூவோடு, செர்வாஸ் நடந்தார். தெரு வளையும் இடத்தில் நின்றுவிட்டார். அவர் நின்றதால் பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஊர்வலம் இரண்டாக அறுந்தது.

"ஏன்டா நின்னுட்ட? கால்ல முள்ளா?" என்று கேட்டார் ஒரு கன்னியாஸ்திரி.

"இல்ல சிஸ்டர். ரெண்டும் ஒண்ணாக் கேக்குது."

"என்ன ரெண்டும்?"

"அம்மாவோடதும் அப்பாவோடதும்."

அன்று காதைத் திருகி நடக்க வைத்தார்கள். ஆனால் கேட்டது கேட்டதுதான். முன்னால் போகிறவனுக்குத் தன் இசை மட்டும் கேட்கிறது. பின்னால் வருகிறவனுக்கும் தன் இசை மட்டும் கேட்கிறது. நடுவில் நடப்பவனுக்கு அல்லவா ஊரே கேட்கிறது?

மாஸ்ட்ரிக்ட்டில் படித்தார். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இசைக்குழுவின் நடத்துநர் ஆனார். அங்கே அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒத்திகையைப் பாதியில் நிறுத்துவார். ஒருவரைப் பார்த்து, "உங்க பக்கத்துல இருக்கிறவர் இப்ப என்ன வாசிச்சார்? பாடிக் காட்டுங்க" என்பார். ஒரு நாள் முதல் வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டார்.

"என் வேலை என்னோடத வாசிக்கிறது சார். அடுத்தவன் வாசிக்கிறது அவன் பாடு."

"அப்படின்னா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு வாசிக்கலாமே. எதுக்கு இத்தனை பேர் ஒரே அறையில மூச்சு விடணும்?"

அந்த வயலின்காரர் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு செர்வாஸ் வயலினுக்கென்று எழுதிய கச்சேரிப் படைப்பை முதன்முதலில் வாசித்தவர் அதே மனிதர்தான்.

சுரங்கங்களை மூடியபோது அவர் எழுதிய திருப்பலி இசையை இங்கே பலர் பாடியிருக்கிறீர்கள். வேலை போன தந்தையருக்காக, இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்ட தோழருக்காக எழுதியது. அரங்கமே அழுதது. சுரங்கத்தில் வேலை பார்த்த என் மாமனார் மட்டும் அழவில்லை. வெளியே வந்து, "நல்லா இருந்துச்சுடா. சத்தந்தான் பத்தல. கீழ இதைவிட ஜாஸ்தியா இருக்கும்" என்றார். மறுநாளே என் கணவர் இரண்டு பெரிய முரசுகளைச் சேர்த்தார். விமர்சகர்களுக்காக ஒரு ஸ்வரமும் மாற்றாதவர், அப்பாவுக்காக முரசு சேர்த்தார்.

பிறகு இந்தப் படைப்பு. வடக்கிலிருந்து ஊர் திரும்பி, வேறு எந்த வேலையும் ஏற்காமல், இதைத்தான் எழுதினார். தொடக்கத்தில் ஒரே ஒரு நீண்ட ஒலி. அதன் அடிஸ்வரமும் பஞ்சமமும் லம்பெர்ட்டின் பித்தளைக் குழல்களில். காந்தாரம் செசிலியாவின் கிளாரினெட்டுகளில். காந்தாரம் இல்லாவிட்டால் அது சிரிப்பா அழுகையா என்றே தெரியாது. அடிஸ்வரம் இல்லாவிட்டால் அதற்கு நிற்க நிலமே கிடையாது.

என்ன திரு. ஹௌபன், செசிலியாவின் தலைவர் என்ற முறையில் ஏதோ சொல்கிறீர்கள். உரக்கச் சொல்லுங்கள்.

"எங்ககிட்டயே எல்லா ஸ்வரமும் இருக்கும்மா. டியூபா கூட இருக்கு."

இருக்கிறது. எல்லா ஸ்வரமும் இருக்கிறது. எதிர்ப்பக்கம் இல்லை. தன்னோடு தானே சமாதானம் ஆவதற்கு எதற்கு ஐயா இசை?

எழுதி முடித்ததும் இரண்டு சங்கத்தின் அப்போதைய தலைவர்களையும் எங்கள் சமையலறைக்கு அழைத்தார். நான் அரிசிக் கேக் சுட்டு வைத்தேன். இருவரும் தொடவில்லை. எந்த ரொட்டிக் கடை மாவு என்று தெரியவில்லையாம்.

"யாரு முதல்ல ஆரம்பிக்கிறது?" என்றார் ஒருவர்.

"ரெண்டு பேரும்" என்றார் செர்வாஸ்.

"சரி, யாரு முடிக்கிறது?" என்றார் மற்றவர்.

"ரெண்டு பேரும்."

"அப்ப யாரு ஜெயிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அதோடு முடிந்தது. முதல் இடம் கிடைக்காத இசை எங்களுக்கு வேண்டாம் என்று இருவரும் எழுந்து போனார்கள். அது ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

அப்படி என்ன அந்த முதல் இடம்? ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்றுதானே உங்கள் பாட்டன்மார் சண்டை போட்டார்கள்? நான் உர்சுலின் கன்னியர் பள்ளியில் படித்தவள். தலை நிமிர்ந்து நிற்கவும், ஊர்வலத்தில் எங்கே நடக்க வேண்டும் என்று தெரிந்து நடக்கவும் அங்கே கற்றேன். கேளுங்கள். நற்கருணை ஊர்வலத்தில் மதிப்பு உயர உயர இடம் பின்னால் போகும். நற்கருணை கடைசியில்தான் வரும்; அதற்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பெருமை. முன்னால் போகிறவர்தான் எல்லோரிலும் கடைசி. ஒரு நூற்றாண்டாக நீங்கள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டது தாழ்ந்த இடத்துக்காக. நம் பங்குத்தந்தை தலையாட்டுகிறார், பாருங்கள்.

என்ன திரு. ப்ளெய்மன்? லம்பெர்ட்டின் தலைவரும் எழுந்துவிட்டார்.

"அப்படின்னா அடுத்த வருஷத்துலேர்ந்து நாங்க பின்னாடி வர்றோம்."

"பின்னாடி எங்க இடம். போன வருஷமே நாங்கதான் பின்னாடி" என்று திரு. ஹௌபனும் எழுகிறார்.

"போன வருஷம் அழுதுக்கிட்டே இல்ல வந்தீங்க?"

உட்காருங்கள், இருவரும். இதைத்தான் சொன்னேன். இடத்தைத் திருப்பிப் போட்டாலும் சண்டை திரும்பிப் படுக்கிறதே தவிர எழுந்து போகவில்லை.

என் கணவர் இறந்தபோது இரண்டு சங்கமும் வந்தன. ஒன்று ஆலய வாசலில். மற்றது கல்லறைத் தோட்டத்து வாசலில். சவப்பெட்டிக்கு முன்னால் யார் நடப்பது என்று பேச்சு எழுந்தது. கறுப்பு உடையோடு நடுத்தெருவில் நின்று, "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். இசையையே மூச்சாகக் கொண்ட மனிதர், சரளைக்கல்லில் செருப்பு அரைபடும் ஓசையோடு புதைக்கப்பட்டார். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இன்றைக்கும் அதே நெஞ்சுதான். பாதி இசையைவிட அமைதி மேல் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஆனால் எனக்கு வயதாகிறது. இந்தப் படைப்பை இதுவரை யாரும் கேட்டதில்லை. எழுதியவரே கேட்டதில்லை. நான் கேட்காமல் போகத் தயார். நீங்கள் வாசிக்காமல் போகத் தயாரா? உங்கள் பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போகிறார்கள். செசிலியாவில் கொம்பு ஊத ஆள் இல்லை. லம்பெர்ட்டில் முரசுக்கு ஆள் இல்லை. இரண்டு அரை இசைக்குழுக்கள், இரண்டு முழுப் பெருமைகள். இந்தப் பெருமையை ஊதினால் ஒலி வருமா? இந்தப் பெருமையைத் தட்டினால் தாளம் வருமா? ஊர் ஒன்று, ஆலயம் ஒன்று, கல்லறைத் தோட்டம் ஒன்று. அங்கே செசிலியாவும் லம்பெர்ட்டும் தோளோடு தோள் சேர்ந்துதானே படுத்திருக்கிறார்கள்? படுத்துச் செய்வதை உட்கார்ந்து செய்யக்கூடாதா?

யார் அது, வலப்பக்கம் எழுந்தது? ட்ரூஸ் பைப்பர்ஸா? டியூபாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய் ட்ரூஸ்?

"மேல வரேம்மா. அடிஸ்வரம் எங்களோடதுன்னு சொன்னீங்கல்ல? அத அவங்க வாசிச்சு நான் கேட்டுட்டு உக்காந்திருக்க முடியாது."

காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வா. கைதட்டாதீர்கள். கைதட்டினால் லம்பெர்ட் ஜெயித்தது என்று யாராவது வீட்டில் போய்ச் சொல்வார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். நல்லது. படி குறுகல், பார்த்து ஏறுங்கள். திரு. ஹௌபன், உங்கள் கிளாரினெட்காரர்களை நீங்கள் அழைக்க வேண்டியதில்லை போலிருக்கிறது; அவர்களே பெட்டியைத் திறக்கிறார்கள். திரு. ப்ளெய்மன், உங்கள் ஆட்கள் பாதிப் பேர் மேடையில் இருக்கிறார்கள். தலைவர் மட்டும் கீழே இருந்தால் நன்றாகவா இருக்கும்?

"நான் எங்க உக்காரணும்? அத மட்டும் சொல்லுங்க."

அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னொரு நூற்றாண்டுக்குச் சண்டை நடக்கும்.

"ஃப்ரான்ஸ், இங்க வாய்யா" என்று மேடையேறிய திரு. ஹௌபனே திரு. ப்ளெய்மனுக்கு நாற்காலியை நகர்த்துகிறார். "ஆனா உன் டிராம்போன என் முதுகுல இடிக்காத."

"இடிச்சா தாளம் தப்பிட்டன்னு அர்த்தம்."

அவையோரே, நான் பேச வந்தது முடிந்தது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், அவரைப் பெற்றுத் தந்த இந்த ஊருக்கும், கோபத்தோடாவது படியேறிய இந்தக் கால்களுக்கும் என் நன்றி. உங்கள் வீடுகளில் நலம் தங்கட்டும். நடத்துநர் அவர்களே, பிரதியைப் பிடியுங்கள். முதல் பக்கத்தில் அவர் கைப்பட எழுதியிருப்பது ஒரே ஒரு குறிப்பு: தொடங்கும் முன் ஒருவரை ஒருவர் பார்க்கவும். அவர்கள் பார்த்த பிறகு கையை உயர்த்துங்கள்.