தேரடிக்கு முந்தின நிறுத்தம்

மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இளையவன் சொன்னான்:

"மச்சான், திருவிழா முடியுத வரைக்கும் அக்காவையும் பிள்ளையளையும் தேரடிப் பக்கம் விட்டுராதிய."

"ஏன் மாப்ள? நீ வரைஞ்சு நட்ட அலங்கார வளைவப் பாக்கத்தான அவ துடிச்சிக்கிட்டு இருக்கா."

"அம்பது அடி உயரம் மச்சான். புது ரோட்டுல குழி தோண்டக் கூடாதுன்னுட்டாவ. வெறும் மணல் டிரம்முலதான் கால நிறுத்தியிருக்கு."

"காத்துப் போகத் துணியில பிறை பிறையா வெட்டி விடுவியே?"

"வெட்டுனேன். துணியில முகம் போட்டிருக்கவரு, மூஞ்சில ஓட்டையான்னு வைதாரு. எல்லாத்தையும் தைச்சிட்டேன்."

"ஏலே, இது ஆடிக் காத்துல்லா!"

"தெரியும். ரெண்டு நாளா சோறு எறங்கல."

"அப்போ அவுத்துர வேண்டியதுதான?"

"அவுத்தா, பெறகு இந்த ஊர்ல எனக்கு எவன் வேலை தருவான்?"

மச்சான் போனை எடுத்தார்.

"ஏட்டி, எங்க நிக்க? பிள்ளையளக் கூட்டிக்கிட்டு இப்பவே வீட்டுக்குப் போ. காரணம் கேக்காத, போ."

தன் பெண்டாட்டிக்கு மட்டும் சொன்னார். தேரடிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இருவரும் இறங்கிக்கொண்டார்கள். பஸ் நிறைய ஆட்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எதிரே வளைவு நின்றது. காற்றில் துணியிலிருந்த ஆளின் கன்னம் புடைத்துப் புடைத்து அமுங்கியது. அடியில் பலூன்காரரைச் சுற்றி ஒரே கூட்டம்.

டிரைவர் பஸ்ஸை உள்ளே விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.