கண்ணுல புத்து

இல்லக்கா, அந்த ஒரு கண்ண எடுக்கலன்னா அது ஆளையே கொண்டு போயிடும். தொரை டாக்டரு அதத்தான் சொல்றாரு. அவரு இங்கிலீசுல சொல்றத தமிழ்ல சொல்றதுதான் என் வேலைலா. காஜா மொய்தீன்னு கேளுங்க, இந்த ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுக்காரர உள்ள மேசையில படுக்க வச்சாச்சு. எம் பொஞ்சாதி நல்லம்மா கைநாட்டு வச்சாத்தான் கண்ணுல கத்தி படணும்னு அடம்புடிக்கிறாரு. டாக்டரு காத்துக்கிட்டு இருக்காரு.

புத்துக்குப் பாலா? எத்தன நாளா ஊத்துனீங்க? மூணு மாசமா. முட்டையும் வச்சீங்களா. சரி. புத்து மண்ணக் கொழச்சி கண்ணுலயும் பூசுனீங்களா? யா அல்லா. அழாதீங்க, உங்களக் குத்தம் சொல்லல. ரப்பர் நட காடு வெட்டுனப்ப அவரு ஒரு பாம்புப் புத்த இடிச்சிருக்காரு, அந்தச் சாபம் கண்ணுல வந்துருச்சுன்னு நெனச்சிட்டீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க.

இது அந்தப் புத்து இல்லக்கா. சதையில வர்ற நோவு. மொதல்ல அவரு வந்தப்ப கருமுழி ஓரத்துல அரிசி நொய் அளவுக்கு வெள்ளையா இருந்துச்சு. டாக்டரு கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, இப்பவே வெட்டி எடுத்தா கண்ணு பொழைக்கும்னாரு. இப்ப முழி பூரா படந்துருச்சு. இன்னும் விட்டா மூளைக்கு ஏறிடும்.

ஆமா, புத்துன்னு ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. யாரு சொன்னான்னு கேட்டு இப்ப என்ன ஆவப்போவுது? பெருவெரலக் குடுங்க, மைய நானே தடவுறேன்.

எடுத்துட்டா பொழச்சுக்குவாருன்னுதான் டாக்டரு சொல்றாரு. ஒத்தக் கண்ணோட பால்மரம் சீவுறவங்க இல்லையா என்ன?

அவரு மொதல்ல வந்த அன்னைக்கு வெள்ளிக்கெழம. கப்பித்தான் பள்ளிவாசல்ல ஜும்ஆவுக்கு நேரமாச்சு. டாக்டரு எவ்வளவோ வெவரமாச் சொன்னாரு. அதக் காதால கேட்டவன் அவசரத்துல, கண்ணுல புத்துப்பா, நாளைக்கு வான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டு செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிட்டான். எந்தப் புத்துண்ணேன்னு உங்க வீட்டுக்காரரு பின்னாலேயே வந்து கேட்டாரு. அவன் திரும்பல.

எனக்கு எப்படித் தெரியுமா?

அது என் காதுல விழுந்துச்சுக்கா. கைய இழுக்காதீங்க. மை காயுது.