ஓட்டு வரைக்கும் ஓட்டு

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, ஐயா. ஒரு அட்டையை மடித்து அடியில் செருகினால் நின்றுவிடும். கண்ணெதிரே ஒரு பழுது இருந்தால் என்னால் சும்மா உட்கார முடியாது.

எங்கள் வேட்பாளர் போன தேர்தலில் ஜெயித்தும் சட்டமன்றத்தில் நிலைக்கவில்லை. செலவு உச்சவரம்பைத் தாண்டிவிட்டதென்று வெற்றியையே ரத்து செய்துவிட்டார்கள். கணக்கு எழுதியவன் நான். "என்னைக் கவுத்துட்டியேப்பா" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த வார்த்தையோடுதான் இத்தனை வருடமும் சாப்பிட்டேன், படுத்தேன். இந்த முறை நன்கொடைக்கு ரசீது, மாலைக்கு ரசீது, மைக்குக்கு ரசீது. டீயைக்கூட எண்ணித்தான் கொடுத்தேன்.

பிரச்சார வேனை ஓட்டியவர் என் தங்கை வீட்டுக்காரர். வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, மெக்கானிக் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்து நின்றார்.

"மச்சான், மிதிச்சா கொஞ்சம் லேட்டாத்தான் புடிக்குது. மாத்திடலாமா?"

சீட்டில் இருந்த தொகையைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டும். கடைசிக் கூட்டத்துக்கு மேடை வேறு போட வேண்டியிருந்தது. மேடை இல்லாமல் கூட்டம் நடத்த முடியுமா, சொல்லுங்கள்.

"மாப்ள, ஓட்டு வரைக்கும் ஓட்டு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷன். வேனில் வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாலு நாள் கழித்து, பிற்பகலில், பாலத்து இறக்கத்தில் வேன் நிற்கவில்லை. பின்னால் நோட்டீஸோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். அடுத்த காரில் வந்தவன் நான் ஒருத்தன்தான். ஓடித்தான் போனேன், ஐயா. நானென்ன கல்லா? ஆனால் வண்டியில் பழுது என்று வந்தால் பழி வேட்பாளர் தலையில் விடியும். மறுபடியும் நான்தான் கவிழ்த்தேன் என்பார்கள்.

மூன்றாம் நாள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, அவரு குடிக்கவே மாட்டாரு. நீயாவது சொல்லேன். குடிச்சிட்டு ஓட்டினாருன்னு எழுதிட்டா பிள்ளைங்களுக்கு ஒத்தக் காசு வராதாம். வண்டியப் பத்தி உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா."

அது பொய்யில்லை. பிரேக் என்ற சொல்லை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அவர் உடம்பில் ஒரு சொட்டு மது இல்லையென்று அறிக்கை வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். எப்படி இருக்கும்? அவர் தொட்டதே கிடையாதே. பாலத்து முனையில் மதுக்கடை, இருநூறு அடி நடை. பாதியை அவர் சட்டையில் ஊற்றினேன், பாட்டிலை இருக்கைக்குக் கீழே வைத்தேன். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. "மச்சான்" என்றார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அந்தப் பாட்டில் எந்தச் செலவில் ஏறியிருக்கிறது என்று நோட்டைப் புரட்டாதீர்கள். அது என் சொந்தக் காசு, ஐயா. தேர்தல் பணத்தில் ஒரு பைசா தப்பாகத் தொட்டவன் இல்லை நான்.