பன்னிரண்டாவது நோயாளி

உங்கள் அலுவலகக் கழிவறையில் வைத்திருக்கிற சோப்பு தோலுக்கு ஆகாது. கை கழுவும்போதே தெரிந்தது. மாற்றச் சொல்லுங்கள். முப்பது வருடம் அடுத்தவர் தோலைப் பார்த்தே காலம் தள்ளியவன் சொல்கிறேன்.

நான் நடத்திய ஆய்வு மையம் பிரமாதமான இடம் ஒன்றும் இல்லை. மாடியில் மூன்று அறை, ஒரு குளிர்பெட்டி, ஒரு நர்ஸ். நான்கு மருத்துவமனைகள் கூட்டுச் சேர்ந்து, கைகளில் கொப்புளம் வெடிக்கிற ஓர் அரிய நோய்க்கு மருந்து தேடின. ஒப்பந்தத்தில் ஒரு விதி. ஒவ்வொரு மையத்திலும் பன்னிரண்டு நோயாளிகளாவது இருக்க வேண்டும். ஆறு மாதம் கொப்புளம் வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். எண்ணிக்கை பதினொன்றானால் மையத்துக்குப் பூட்டு. மிச்சப் பேர் ரயிலில் ஒரு பகல் தூரம் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேரால் அது முடியாது. இது என்ன கூத்து, குணமாக்கினால் தண்டனையா என்று கூட்டத்தில் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

பன்னிரண்டாவது ஆள் என் சித்தி மகள். ரொட்டிக் கடையில் மாவு பிசைபவள், வாயாடி. "அண்ணே, என் கையை வச்சே நீ பெரிய ஆளாயிடுவ பாரு" என்று கிண்டல் பண்ணுவாள். ஐந்தாவது மாதம் அவள் கை சுத்தமாக ஆறிவிட்டது. வீட்டில் பேத்தி பிறந்திருந்த சமயம். கையில் துணி சுற்றாமல் குழந்தையைத் தூக்கினேன் என்று சொல்லி அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். அதில் பொய்யில்லை.

எது மருந்து, எது வெறும் களிம்பு என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பதால், எல்லாவற்றையும் சின்ன வெள்ளை டப்பாக்களில் மாற்றி எண் மட்டும் ஒட்டுவோம். மாற்றுவது என் வேலை. கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும், அதுவும் விதிதான். மரு எரிக்கிற திரவம் அதே அலமாரியில் இருந்தது. அவள் டப்பாவில் சில துளிகள் விட்டேன்.

கொப்புளம் திரும்பி வந்தது. காரணம் தேட வேண்டுமே, தேடினோம். புருஷனுடைய சவர நுரையைச் சந்தேகப்பட்டோம். பூனையை யாருக்கோ கொடுத்தாள். ரொட்டிக் கடை வேலையை விட்டாள். பிறகு ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "துணி துவைக்கிற பவுடரை மருமகதாண்ணே மாத்தினா. வேணும்னே செய்யறாளோன்னு இருக்கு" என்றாள்.

"எதையும் இல்லன்னு தள்ளிட முடியாதும்மா" என்றேன்.

படிவத்தில் 'வீட்டுச் சூழல்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எழுதிக்கொண்டேன். இரண்டே வாரத்தில் மருமகள் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மகனும் அவள் பின்னாலேயே போனான்.

நர்ஸ் மட்டும் விடாக்கண்டி. "சார், டப்பா தீர்ந்துபோற வாரம் மட்டும் அவங்க கை ஆறுது. கவனிச்சீங்களா?" என்றாள். நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். என் அலமாரிச் சாவியை அடிக்கடி பார்த்தாள். என்ன எண்ணத்தில் பார்க்கிறாளோ, யார் கண்டது? டப்பாக்களில் கை வைக்கிறாள் என்று மேலே ஒரு புகார் எழுதினேன். புகார் போன நாலாம் நாள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். என் சித்தி மகளின் டப்பாவிலிருந்து எடுத்து மூன்று நாளாகத் தன் முன்கையில் தடவியிருக்கிறாள். நோயே இல்லாத தோலில் நாலு கொப்புளம்.

"இதுக்கு யார் வீட்டுப் பவுடர் சார் காரணம்?"

ஆமாம், நான்தான் செய்தேன். பதினான்கு மாதம், பதினான்கு டப்பா. ஒருத்தியின் கை புண்ணாக இருந்ததால் பதினொரு பேருக்கு வைத்தியம் நிற்கவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று சித்தி மகள் என்னைப் பார்க்க வந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. "அந்த நர்ஸ் பொண்ணுதாண்ணே கலந்திருப்பா. ஊரே சொன்னாலும் உன்னை நான் சந்தேகப்படுவேனா?" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. மருமகளும் போய், மகனும் போய் நிற்கிறாள், பாவம். நானும் இல்லையென்றால் நம்புவதற்கு அவளுக்கு யார் இருக்கிறார்கள்?