சுத்தியல் தட்டிய பிறகு கேட்ட குரல்

எங்கள் மாநிலப் பள்ளி வாரியங்களை ஓரவையில் கூட்டிய தலைவர் அம்மையார் அவர்களே! பிள்ளைகளின் பொழுதையும் போக்கையும் தீர்மானிக்கும் உறுப்பினர்களே! வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கும் மாணவப் பிரதிநிதிகளே! வணக்கம்.

ஆய்வாளர் என்று என்னை அழைத்தீர்கள். நான் ஒரு தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். பள்ளி வாரியங்களின் பதினோரு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைப் படித்தேன், யார் எப்படி வாக்களித்தார் என்று பக்குவமாய் அட்டவணை போட்டேன், பெருமையோடு ஹாலோ கிரீக் மாவட்டத்தில் விரித்துக் காட்டினேன். அங்கே வாரியத்தின் மாணவ உறுப்பினர் வினோனா ப்ரூயிட் எழுந்தாள்.

"மேடம், இதுல நான் எங்க இருக்கேன்?"

"உன் வாக்கு எண்ணிக்கையில சேராதேம்மா. அதான் விட்டுட்டேன்."

"சேராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொன்னேன்ல?"

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அத்தனை குறிப்புகளையும் மறுபடி புரட்டினேன். கண்டது என்ன? ஏழு பேர் வாக்களிப்பார்கள், தலைவர் முடிவைச் சொல்லிச் சுத்தியலைத் தட்டுவார், அதன் பிறகே மாணவரைக் கேட்பார். ஊருக்கு ஊர் இதே வழக்கம். முடிந்த பின் கேட்பதற்குக் கருத்துக் கேட்பு என்றா பெயர்?

அப்போது ஹாலோ கிரீக்கில் மாலைப் பேருந்தை நிறுத்தும் தீர்மானம், முதல் வாசிப்பில், அதாவது முதல் சுற்று வாக்கெடுப்பில், நான்குக்கு மூன்று என்று வென்றிருந்தது. அந்தப் பேருந்து போனால் வினோனாவின் வேதியியல் ஆய்வகமும் போயிற்று. இறுதி வாசிப்பு நாளில், மாணவரை எப்போது கேட்டார்கள் என்று காட்டும் என் புதிய அட்டவணையை அவள் அந்த வாரியத் தலைவர் ஹென்ட்ரிக் முன் வைத்தாள்.

"வழக்கம் அப்படித்தாம்மா."

"சாப்பிட்டுக் கைகழுவினப்புறம் உப்பு போதுமான்னு கேக்குறீங்க சார்."

அவரே சிரித்துவிட்டார். "சரி, இந்தத் தடவ நீயே முதல்ல சொல்லு."

"நிறுத்தாதீங்க. எங்க வீடு பதினேழு மைல். அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட். அந்த பஸ் இல்லன்னா மூணு மணிக்கே நான் கிளம்பணும். ஆய்வகம் தொறக்குறதே அப்பதான்."

சென்ற முறை நிறுத்தச் சொன்ன பால்பண்ணைக்காரர் லைல் பென்னிங், தாளைக் கவிழ்த்து வைத்தார். "போன தடவயே இதக் கேட்டிருந்தா, அப்பவே வேணாம்னிருப்பேன்."

நான்குக்கு மூன்று, இம்முறை நிறுத்த வேண்டாம் என்று. பேருந்து நின்றது, நிறுத்தத்தில் மட்டும்!

ஓர் ஊரை வைத்து உலகை அளக்க மாட்டேன். ஆனால் கேட்காத குரலுக்குக் கனமில்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? எடை போடாமலே எடையில்லை என்பது ஆய்வா? ஆட்சியா? அறமா?

மாணவரை முதலில் கேட்கும் விதியை இன்று இங்கே வாக்குக்கு விடுகிறீர்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். மாணவர்கள் பேசும் நேரம், வாக்கெடுப்புக்குப் பின்.

வாக்கெடுப்புக்கு முன் எனக்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. அதை வினோனாவுக்குத் தருகிறேன். வாம்மா, முன்னால் வா. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இனிக் கேட்கப்போகும் உங்களுக்கு என் வணக்கம்.