மூக்கு எடை

குளியலறையில் உடம்பு எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் போதும், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் தங்கும் வண்டியான கேம்பர் டிரெய்லரின் மூக்கு எடையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் மூக்கு எடை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பாரம் பின்னால் போய் அது குறைந்துவிட்டால், வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். பிறகு காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லி, அவர்கள் வண்டிக்கு ஏற்ற கொக்கியைத் தேர்ந்து கொடுப்பதுதான் கடையில் என் வேலை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கள் கடை மெக்கானிக் அண்ணன் அத்தானிடம் பேச வந்தபோது நான் ஏன் தடுத்தேன்? எனக்குக் கோர்வையாகப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். தாள் கொடுத்தீர்கள். நன்றி.

அத்தான் என் ஒரே அக்காவின் கணவர். நான் இயற்பியல் படித்ததால் என்னை விஞ்ஞானி என்று கூப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அம்மாவுக்குத் தாடையிலும் இடது கையிலும் வலி வந்தது. வியர்த்துக் கொட்டியது. இது இதயம், உடனே கிளம்ப வேண்டும் என்றேன்.

"வாயுத் தொல்லை, விஞ்ஞானி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு மாத்திரை போட்டா ஏப்பம் விட்டுட்டு எழுந்திருப்பாங்க," என்றார் அத்தான்.

ஆம்புலன்ஸுக்கு நானே போன் செய்தேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கி, ஒன்றுமில்லை, வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். கார் சாவி அக்கா கையில் இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை ஆணியில் மாட்டினாள். பதினோரு மணிக்கு அம்மா இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், ஒரு அறிகுறிகூட இல்லையே என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார் என்பது தெரியும். ஆனால் எத்தனை முறைக்கு எத்தனை முறை என்பது தெரியாது. அதனால் சோதித்தேன். மழை வரும், துணிகளை எடுத்துவிடலாம் என்றேன். உள்ளே போய் இன்னும் நாலு சட்டையைக் கொண்டுவந்து காயப்போட்டார். டயரில் காற்று அதிகம் என்றேன். இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டு வந்தார். ஆறு மாதத்தில் பதினோரு முறை. பதினொன்றிலும் எதிராகவே செய்தார். தனியாக இருக்கும்போது சும்மா செய்வார், பக்கத்தில் ஆள் இருந்தால் ரசித்துச் செய்வார். இவ்வளவு சீரான முடிவு கல்லூரி ஆய்வகத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு அவர் பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கினார். நண்பரோடு மலைப்பாதையில் போவதாகத் திட்டம். கொக்கிக்கு எங்கள் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். கூட்டம் இருக்கும் சனிக்கிழமை காலையாகப் பார்த்து வரச் சொன்னேன்.

அன்று நான் சொன்னது எல்லாமே சரி. எடையைப் பங்கிடும் தண்டுகள் போடுங்கள் என்றேன். ஆட்டத்தை அடக்கும் கையும் வேண்டும் என்றேன். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கட்டும், ஜெனரேட்டரை முன்னால் வையுங்கள், இறக்கத்தில் மெதுவாகப் போங்கள் என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் குரலையே அன்றுதான் முதல் முறையாகக் கேட்டதாக முதலாளி பிறகு சொன்னார்.

அத்தான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டு விஞ்ஞானி. இவ பேச்சைக் கேட்டா வண்டியைத் தலையில தூக்கிட்டுத்தான் போகணும்," என்றார். சிலர் சிரித்தார்கள். வெறும் கொக்கி போதும் என்று, வேண்டாதவற்றைக் குறிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவம் உங்களிடம் இருக்கிறது.

அப்போதுதான் மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அவர் சொல்ல வந்ததும் இதேதான். அவர் சொல்லியிருந்தால் அத்தான் கேட்டிருப்பார். கையில் கிரீஸ் இருக்கும் ஆண்களின் பேச்சை அவர் தட்டியதே இல்லை. "நான் எல்லாம் சொல்லிட்டேன்ணா. நீங்க அந்த வேனைப் பாருங்க," என்றேன். அண்ணன் போய்விட்டார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சரியான யோசனை என் வாயிலிருந்து மட்டும் வர வேண்டியிருந்தது. வேறு யாராவது சொன்னால் அது அவரைக் காப்பாற்றிவிடும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்த நண்பருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக அக்கா போனாள். மூன்றாவது இறக்கத்தில் டிரெய்லர் காரைப் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டாள். அத்தான் இப்போது காலில் கம்பிகளோடு படுத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "அவ சொன்னா. நான்தான் கேக்கலை," என்கிறார். நேற்று என்னிடம், தலையணையை எந்தப் பக்கம் வைத்தால் நல்லது என்று கேட்டார். சொன்னேன். அப்படியே வைத்துக்கொண்டார். அவர் செத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கிளம்பும் காலையில் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, பின்னாடி பாரம் இருந்தா ஆடும்னு சொன்னியாமே? இவரு ஜெனரேட்டரைப் பின்னாடிதான் கட்டியிருக்காரு. தொட்டியும் நிறைய தண்ணி. எனக்கு என்னவோ பயமா இருக்கு. நீ வேணாம்னா நான் போகலை."

அந்த அழைப்பு நாற்பது வினாடி என்று உங்கள் பதிவில் இருக்கும். அதில் பாதி, நான் பேசாமல் இருந்த நேரம்.

என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அக்காவை நான் அனுப்பினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். போ என்று நான் சொல்லவில்லை. போயிட்டு வா என்றுதான் சொன்னேன்.