சாமி லைட்

மாலை கொமுட்டர் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள்: "பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் வீட்டு லைட் எரியுது லா. கிள்ளான்ல அப்பா நல்லா இருக்காரு."

"என்னடி உளர்ற?" என்றாள் தோழி.

"அங்க அப்பா வீட்டுல சாமி படத்துக்கு லைட் போட்டா, நெட் வழியா இங்க என் ஹால் லைட்டும் எரியும். ரெண்டும் வேற வேற பிராண்ட், ஒத்துப்போகவே இல்ல. நடுவுல ஒரு பெட்டி வாங்கி வச்சி சேத்துவிட்டேன். அம்மா தினமும் போடுவாங்கன்னுதான் சாமி லைட்ல மாட்டுனேன். அவங்க தவறுனப்புறம் அணைஞ்சே கெடக்கும்னு நெனச்சேன். இப்ப அப்பா போடுறாரு."

"அவரு கும்பிடவே மாட்டாரே! எப்பருந்து சாமி பயம்?"

"நானும் கேட்டேன். 'சாமிக்கு இல்லம்மா, உனக்கு'ன்னாரு."